முள் இருபத்தாறில் நின்றது

கனுமா
5 அக்டோபர் 1997

மச்சான் ஷிகேமிட்சுவுக்கு,

கியோஹரு எழுதுகிறேன். உறையில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். முன்னோர்களை வணங்கும் ஓபோன் பண்டிகைக்கு உங்கள் அம்மா கல்லறைக்கு ஊதுவத்தி அனுப்பி வைத்தாயாமே, கோயில் பிக்குதான் முகவரியைக் கொடுத்தார். "வடக்கே கடல் தாண்டி குஷிரோவாம், அங்க துறைமுகத்துல மீன் குளிர்கிடங்காம்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஊரில் இருக்கிற வண்டிகளுக்கெல்லாம் காற்றைக் குளிர வைக்கிறேன் என்று திரிந்தவன், கடைசியில் கணவாய் மீனைக் குளிர வைக்கப் போய்விட்டான். முறைக்காதே, சும்மா சொன்னேன்.

என் தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது. மழை வந்தால் கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான். ஸ்ட்ராபெரி நாற்று நட்டாகிவிட்டது. உன் தங்கை ஹிசானோ நன்றாக இருக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் வெள்ளைப் பந்தய வண்டி, ஜனவரி ஓட்டத்தில் சுவரில் மோதியதிலிருந்து, பசுமைக் கூடத்துக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. போன மாதம் அதே மாதிரி ஒரு என்ஜின் கிடைத்தது, வாங்கிப் போட்டுவிட்டேன். ஆனால் மாட்டப் பயமாக இருக்கிறது. பழைய என்ஜின் எதனால் போயிற்று என்று தெரியாமல் புதியதை வைத்தால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

ஆஸ்பத்திரியில் நான் கத்தியது நினைவிருக்கிறது. "உன் பேராசைதான்டா என்னைச் சுவத்துல கொண்டு போய் அடிச்சது" என்றேன். வலியில் சொன்னேன் என்று சமாதானம் சொல்ல மாட்டேன், அன்றைக்கு அப்படித்தான் நம்பினேன். இன்னும் வேகம் வேண்டும் என்று, பெட்ரோலைக் கொளுத்துகிற தீப்பொறியின் நேரத்தை நீ அளவுக்கு மீறி முன்னால் தள்ளி வைத்துவிட்டாய் என்று நினைத்தேன்.

இப்போது குழப்பமாக இருக்கிறது. காற்றை ஆற வைக்கிற பெரிய இன்டர்கூலர் மாட்டினாய், முன்பக்கம் காற்று வழி வெட்டினாய், என் கண்ணுக்கு நேரே காற்றின் சூட்டைக் காட்டும் மீட்டரை ஒட்டி வைத்து, "டர்போ அழுத்தற காத்து கொதிச்சுப் போயிருக்கும். அது ஆறாம உள்ள போனா பெட்ரோல் தப்பான நேரத்துல வெடிச்சு பிஸ்டனை உடைச்சுடும். முள்ளு நாப்பதைத் தாண்டியிருந்தா மிதிக்கவே கூடாது, புரியுதா?" என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாய். நான் மீறவில்லை. வரிசையிலிருந்து கிளம்பும்போது முள் இருபத்தாறில் நின்றது. என் இரண்டு கண்ணால் பார்த்தேன். பிறகு ஏன் உடைந்தது? பதில் எழுது.

கியோஹரு


குஷிரோ
12 அக்டோபர்

மாப்பிள்ளை,

கடிதம் வந்தது. என்ஜினை விற்றுவிடு. நான் இனி வண்டியைத் தொடுவதாக இல்லை. இங்கே எனக்கு ஒரு ஃபோர்க்லிஃப்ட் கொடுத்திருக்கிறார்கள், பெட்டியைத் தூக்கு என்றால் தூக்குகிறது, அது போதும்.

இதோடு முடிக்கத்தான் நினைத்தேன். முடியவில்லை.

இருபத்தாறா? நிச்சயமாகவா? அன்று ஜனவரி மாதிரியே இல்லை, மலைப் பக்கமிருந்து வெதுவெதுப்பாகக் காற்று அடித்தது. நமக்கு முன்னால் ஆறேழு வண்டிகள் நின்றன. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. நான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தபோது முள் நாற்பத்தேழு. "அணைச்சுட்டு இறங்கு, ஆறட்டும்" என்றேன், நீ தலையை ஆட்டினாய். நான் டயர் காற்றைப் பார்க்கும் கருவியை எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் நீ இல்லை, முதல் வளைவில் புகைதான் தெரிந்தது. என் பேச்சைக் கேட்காமல் ஓடிவிட்டாய் என்று நினைத்தேன். நீ படுக்கையில் கிடந்ததால் வாய் திறக்கவில்லை.

நின்ற இடத்தில் நாற்பத்தேழு எப்படி இருபத்தாறாகும்? அனல் பட்ட இரும்பு அவ்வளவு சீக்கிரம் ஆறாது.

இன்னொன்று. நாற்பத்தேழில் நீ மிதித்திருந்தாலும் அது உடைந்திருக்கக் கூடாது. உள்ளே வரும் காற்று சூடு என்று, அந்த முள்ளுக்குச் செய்தி தரும் அதே சென்சார் சொன்னால், வண்டியின் கம்ப்யூட்டரே தீப்பொறியைப் பின்னுக்கு இழுத்து என்ஜினை அடக்கி வாசிக்க வைக்கும். எந்தச் சூட்டுக்கு எவ்வளவு இழுக்க வேண்டும் என்று அதற்கு அட்டவணை எழுதியவன் நான். அப்படியானால் எங்கோ ஒரு எண்ணைத் தப்பாக எழுதியிருக்கிறேன் என்றுதானே அர்த்தம்? பத்து மாதமாக மனசுக்குள் அதை வரி வரியாகப் படித்துப் பார்க்கிறேன். தப்பு அகப்படவே இல்லை. அகப்பட்டிருந்தால் கூட நிம்மதியாக இருந்திருப்பேன். என் கைமேல் எனக்கே நம்பிக்கை போய்விட்டது, அதனால்தான் மெக்கானிக் கடையை மூடினேன். நீ வேறு இப்போது இருபத்தாறு என்கிறாய். ஒன்றும் விளங்கவில்லை.

ஹிசானோ

(மேலே எழுதி அடித்துவிட்டதைப் படிக்க முயற்சி செய்யாதே. அவள் நன்றாக இருந்தால் சரி.)

ஷிகே


கனுமா
20 அக்டோபர்

மச்சான்,

விற்றுவிடு என்று முதல் வரியில் சொல்லிவிட்டு அப்புறம் ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய் பார், அங்கேதான் நீ நீயாக இருக்கிறாய்.

நான் "தலையை ஆட்டினேன்" என்கிறாய். ஹெல்மெட்டை மாட்டிய பிறகு எனக்கு யார் பேசுவதும் கேட்காது, எல்லாருக்கும் தலையை ஆட்டி வைப்பேன், உனக்குத் தெரியாதா? நீ இறங்கச் சொன்னதே எனக்கு இப்போதுதான் தெரியும். நாற்பத்தேழை நான் பார்க்கவே இல்லை. நான் பார்த்தது இருபத்தாறு. ஒரே முள்ளை இரண்டு பேர் பார்த்து இரண்டு எண் சொல்கிறோம். நம் இருவரில் ஒருவனுக்குக் கண் கெட்டிருக்க வேண்டும்.

சென்சார்தான் பொய் சொல்லியிருக்கும் என்று சந்தேகப்பட்டேன். முன்பக்கம் நசுங்கி பானெட் திறக்கவில்லை, அறுத்துத்தான் எடுத்தேன். சென்சாரைக் கழற்றி, பேட்டரி கொடுத்து, மீட்டரோடு இணைத்துச் சோதித்தேன். கொதிக்கிற தேநீரில் வைத்தேன், சரியாகக் காட்டியது. ஐஸ் தண்ணீரில் வைத்தேன், பூஜ்யம். அக்குளில் வைத்தேன், முப்பத்தாறு. பக்கத்து வீட்டு ஒகுயாமா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னய்யா, காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆக சென்சார் யோக்கியன். அட்டவணையும் சரி என்கிறாய். அப்போது என்னதான் நடந்தது? எனக்குத் தலை சுற்றுகிறது.

ஒன்று கேட்க வேண்டும். சென்சார் குழாயில் திருகி நிற்கிற இடத்தைச் சுற்றி ஏதோ நீலமாகக் காய்ந்து போய் ஒட்டியிருக்கிறது, பற்பசை காய்ந்தது மாதிரி. உருகின பிளாஸ்டிக் உறைத் துண்டும் இருக்கிறது. அதன்மேல் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம், நூல் சுற்றினது, இரண்டு சுற்றாகப் போட்டு இறுக்கியிருக்கிறது. அதிர்வு தாங்குவதற்காக நீ மாட்டினதா? எனக்கு நீ சொன்னதாக நினைவில்லை.

ஹிசானோவைக் கேட்டாய், அடித்தாலும் எனக்குத் தெரிந்தது. நான் வண்டி வேலை பார்க்கிற இந்தக் கொட்டகைப் பக்கமே அவள் வருவதில்லை. உன் பெயரை எடுத்தால், "நாத்துக்குத் தண்ணி விடணும்" என்று எழுந்து போய்விடுகிறாள். அவளிடம் கூடச் சொல்லாமல் போய்விட்டாய் இல்லையா, அந்தக் கோபமாக இருக்கும்.

கியோஹரு


குஷிரோ
27 அக்டோபர்

மாப்பிள்ளை,

தப்பு அகப்பட்டுவிட்டது. என்னுடையதுதான். அட்டவணையில் ஒரு வரி. நீ ஆஸ்பத்திரியில் சொன்னதுதான் உண்மை, நான் பேராசைப்பட்டுவிட்டேன். இனி யாரும் எதையும் தேட வேண்டாம்.

புது என்ஜினைத் தாராளமாக மாட்டு. உத்சுனோமியாவில் நல்ல கடைகள் இருக்கின்றன, அவர்களை விட்டுப் புதிதாக அட்டவணை எழுதச் சொல். ஒன்றும் ஆகாது.

அந்த நீலப் பசையும் வளையமும் நான் வைத்தவைதான், அதிர்வுக்காக. சுரண்டி எடுத்துக் குப்பையில் போடு. இன்றைக்கே போடு. ஹிசானோவுக்குக் காட்ட வேண்டியதில்லை.

ஷிகே


கனுமா
4 நவம்பர்

டேய் ஷிகே,

யாருக்குக் காது குத்துகிறாய்? பத்து மாதமாக வரி வரியாகப் படித்தும் அகப்படாத தப்பு, என் கடிதம் வந்த வாரத்தில் அகப்பட்டுவிட்டதாம். எந்த வரி? எத்தனைக்குப் பதில் எத்தனை எழுதினாய்? நீ ஒரு நட்டைப் பற்றிச் சொன்னால் கூட அரை மணி நேரம் சொல்வாய். இப்போது "ஒரு வரி" என்று முடித்துவிட்டாய். அதோடு, ஜனவரியிலிருந்து எந்த வண்டியையும் எட்டிப் பார்க்காத உன் தங்கைக்கு ஒரு ரப்பர் வளையத்தைக் காட்டக் கூடாது என்கிறாய். நான் ஏன் அதை அவளுக்குக் காட்டப் போகிறேன் என்று நினைத்தாய்?

குப்பையில் போடவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நேற்றுக் காலை நானும் அவளும் பசுமைக் கூடத்துக்கு வினைல் தாள் விரித்துக்கொண்டிருந்தோம். நான் ஒரு முனை, அவள் ஒரு முனை. காற்று அடித்து முகத்தில் முடி விழுந்தது. அவள் மணிக்கட்டிலிருந்து கறுப்பு வளையம் ஒன்றைக் கழற்றி, இரண்டு சுற்றுச் சுற்றி முடியைக் கட்டினாள். பன்னிரண்டு வருஷமாகத் தினமும் பார்க்கிற வேலை. நான் முனையைக் கைவிட்டுவிட்டேன். வினைல் பறந்து போய் வெங்காயப் பாத்தியில் விழுந்தது. "கையில இருக்கறதை விட்டுட்டு எதைப் பார்த்துக்கிட்டு நிக்கறீங்க?" என்று கத்தினாள். நான் வினைலை எடுக்கப் பாத்திக்கு ஓடினேன்.

மதியம் குளிர்பெட்டியைத் திறந்தேன். கீழ்த் தட்டு முழுக்க உறைந்த பசை நிரப்பின நீலப் பொட்டலங்கள்தான். கேக் கடையில் பெட்டிக்குள் கெட்டுப் போகாமல் இருக்க வைத்துக் கொடுப்பார்களே, அவை. நம் ஊரில் எந்த வீட்டில்தான் அவற்றைத் தூக்கி எறிகிறார்கள்? ஓட்டத்தன்று காலை அவற்றைச் சோற்று உருண்டை டப்பாவுக்குள் அடுக்கிக்கொண்டு வந்திருந்தாள். நம் வண்டியின் பானெட் திறந்திருந்தபோது அவள் அதன் முன்னால் நின்றதும் இப்போது நினைவுக்கு வருகிறது.

நீ இதை முதலிலேயே கண்டுபிடித்துவிட்டாய். அதனால்தான் பழியை எடுத்து உன் தலையில் போட்டுக்கொண்டாய். புருஷன் எனக்குத் தெரியவில்லை, அவள் முடி வளையம் அண்ணனுக்குத் தெரிந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

ஆனால் இன்னும் ஒன்று எனக்குப் புரியவில்லை. முள் நாற்பதுக்கு மேல் நின்றால் நீ ஓட விடமாட்டாய் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஓட்டத்துக்காக நான் எப்படித் தவித்தேன் என்றும் தெரியும். குளிர வைத்தாள். சரி. குளிர்ந்தால் நல்லது என்று ஊரெல்லாம் கத்தியவன் நீதானே? குளிர வைத்ததால் எப்படி உடையும்?

கியோஹரு


குஷிரோ
11 நவம்பர்

மாப்பிள்ளை,

உன்னிடம் பொய் சொல்ல எனக்குத் தெரியவில்லை, பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான்.

குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறது. நீ தெர்மாமீட்டரின் மேல் ஐஸ் வைக்கிறாய். பாதரசம் இறங்குகிறது. டாக்டர் அதைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, போய் விளையாடச் சொல்லுங்க" என்கிறார். இதுதான் நடந்தது. அவள் குளிர வைத்தது காற்றை அல்ல, காற்றைப் பார்த்துச் சொல்லும் சென்சாரை. உள்ளே வந்த காற்று அதே சூடுதான், நீ மிதித்ததும் இன்னும் ஏறியிருக்கும். கம்ப்யூட்டருக்குப் போன செய்தி, குளிர்ந்த காற்று என்பது. அது என் அட்டவணைப்படி, தீப்பொறியைப் பின்னுக்கு இழுக்காமல் முழுவேகத்துக்கு வழி விட்டது. பெட்ரோல் கண்ட நேரத்தில் வெடித்தது. பிஸ்டன் உடைந்து, எண்ணெய் சக்கரத்தில் கொட்டி, நீ சுவரில். ஹாட்சுமி கேக் கடைப் பொட்டலம் ஒன்று என் ஆறு மாத வேலையை ஏமாற்றிவிட்டது.

நீ "நீலமாகக் காய்ந்தது" என்று எழுதியிருந்தாயே, அப்போதே தெரிந்துவிட்டது. இங்கே தினமும் அந்த மாதிரி இரண்டு பொட்டலமாவது என் ஃபோர்க்லிஃப்ட் சக்கரத்தில் மாட்டி வெடிக்கும், கழுவி எடுப்பது என் வேலை. வளையத்தைப் பற்றிப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். முதலில் எனக்கு என்ன வந்தது தெரியுமா? சந்தோஷம். என் அட்டவணை சரி, என் கை தப்புச் செய்யவில்லை என்று மீன் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம்தான் அது அவள் என்பது உறைத்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அவளிடம் சொல்லிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன். கட்டின புருஷனைத் தானே சுவரில் மோத விட்டோம் என்று தெரிந்தால் அவள் அதோடு போனாள். பழி என் மேல் இருக்கட்டும், எனக்குப் பழகிவிட்டது. நான் ஊருக்கு வராவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. வந்தால் என் முகத்தில் அவள் எல்லாவற்றையும் படித்துவிடுவாள், அதனால் வரவும் கூடாது. இதைச் சத்தியமாக எடுத்துக்கொள்.

ஷிகே


கனுமா
20 நவம்பர்

மச்சான்,

உன் சத்தியத்தை நான் காப்பாற்றத்தான் பார்த்தேன். கேள்.

நேற்றுக் கொட்டகையில் புது என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜனவரிக்குப் பிறகு முதல்முறையாக அவளே தேநீர் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கோப்பையை வைக்க இடம் தேடும்போது மேசைமேல் அந்த வளையம். நான் எடுத்து மறைப்பதற்குள் பார்த்துவிட்டாள்.

"இதை இன்னுமா வெச்சிருக்கீங்க?"

"அதுவா, அது உங்க அண்ணன் மாட்டினது. அதிர்வுக்காக" என்றேன். நல்ல நடிப்பு என்று எனக்கே திருப்தி.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அண்ணன் எங்க மாட்டினார்? நான் மாட்டினது. அன்னைக்கே உங்ககிட்ட சொன்னேனே."

"என்ன சொன்னே?"

"ஜன்னல்கிட்ட வந்து, 'ஐஸ் வெச்சிருக்கேன், முள்ளு இறங்கிடுச்சு, போலாமா'ன்னு கேட்டேன். நீங்க கட்டைவிரலைக் காட்டிட்டுக் கிளம்பிட்டீங்க."

மச்சான், ஹெல்மெட். எனக்கு ஒரு எழுத்து கேட்டிருக்காது. காட்டியிருப்பேன், யாருக்கும் காட்டுவேன்.

கோப்பை அவள் கையிலேயே இருந்தது. வைக்கவே இல்லை. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு இதை வேறு மாதிரி எழுதத் தெரியாது.

"ஆஸ்பத்திரி வராந்தாவுல அண்ணன் உக்காந்திருந்தார். நான் போய், 'நான் ஐஸ் வெச்சதாலதான் இப்படி ஆச்சா'ன்னு கேட்டேன். நிமிந்துகூடப் பாக்கலை. 'நீ போ, அவனைப் பாரு'ன்னார். மறுநாள் கடையைப் பூட்டிட்டுப் போயிட்டார். எனக்கு ஒரு கார்டு கூடப் போடலை. நீங்களும் அதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. சரி, இவர் மன்னிச்சுட்டார், அண்ணன் மன்னிக்கலைன்னு இருந்துட்டேன்."

நாம் இரண்டு பேரும் கடிதம் கடிதமாக எழுதி அவளிடமிருந்து எதை மறைக்கப் பார்த்தோமோ, அதை அவள் பத்து மாதமாகச் சுமந்துகொண்டு நாற்றுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான், நமக்குத் தெரியாது என்பது. என்ஜினைப் பற்றி ஊரில் யார் யாரையோ கேட்டேன், ஒகுயாமாவிடம் கூடக் கேட்டேன். அவளைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. உனக்கும் தோன்றவில்லை.

நான் உண்மையைச் சொன்னேன். "அவனுக்குத் தெரியவே தெரியாதும்மா, போன மாசம்தான் தெரியும். உன் மேல கோபத்துல போகலை" என்றேன். அவள் நம்பவில்லை. நான் அவளைத் தேற்றுவதற்காகச் சொல்கிறேன் என்று நினைக்கிறாள். நான் பொய் சொல்லும்போது நம்பாமல் இருந்தவள், உண்மையையும் நம்ப மாட்டேன் என்கிறாள். எனக்கு என்ன செய்வதென்றே புரியவில்லை.

கடைசியில் கோப்பையை வைத்துவிட்டு, "அண்ணனுக்கு எழுதறீங்கல்ல, கோபம் தீர்ந்துடுச்சான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கேட்டுவிட்டேன். பதிலை எனக்கு எழுதாதே.

கியோஹரு


குஷிரோ
26 நவம்பர்

ஹிசானோ,

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ வந்து நின்றது தெரியும். ஏதோ கேட்டாய் என்பதும் தெரியும். என்ன கேட்டாய் என்று மாப்பிள்ளை எழுதித்தான் தெரிந்துகொண்டேன். என் காதில் அன்று எதுவுமே ஏறவில்லை அம்மா. உன் புருஷனை நான்தான் கொன்றிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் நிமிரவில்லை. அதனால்தான் ஓடியும் வந்தேன்.

எழுதினால் நீ நம்ப மாட்டாய் என்கிறார் அவர். சனிக்கிழமைப் படகில் கிளம்புகிறேன். திங்கள் மதியம் வாசலில் வந்து நிற்பேன். அன்று கேட்டதை இன்னொரு தடவை கேள்.

அண்ணன்